தேடுபெட்டியா, உண்டியலா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான புலம்பல். என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்க மேலயே கல்லெறியப் போறேன். டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

தமிழ்ல தேட முடியாத தளத்தைத் தமிழ்த் தளம்னு சொல்லக்கூடாது. இந்தப் பதிவோட கட்சி அவ்வளவுதான். மேல தமிழ்ல பேனர், ஓரத்துல திருவள்ளுவர் படம், கீழ "தமிழ் வாழ்க" எல்லாம் இருக்கலாம். ஆனா வலது மூலையில இருக்குற அந்தச் சின்னப் பெட்டியில ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டா, அது உள்ள இருந்தும் வெளிய வரலைன்னா, அது தேடுபெட்டி இல்லீங்க, உண்டியல். போடலாம், திரும்பி வராது. கோயில் உண்டியல்லயாவது புண்ணியம் கிடைக்கும்.

"தேடல்தானே, கடைசி ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்" என்பது நம்ம தொழில்ல ஒரு வேத வாக்கு. அந்தக் கடைசி ஸ்பிரிண்ட்ல நடக்குறதும் ஊரறிஞ்சதுதான். யாரோ ஒரு ஃப்ரெஷர் பையன் தலையில கட்டுவாங்க. அவன் டேட்டாபேஸ்ல நேரா "இந்தச் சொல் எங்கயாவது இருக்கா"ன்னு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுற ஒரு வரி எழுதுவான். டெஸ்டிங் பண்றவர் "டெஸ்ட்"னு இங்கிலீஷ்ல தட்டிப் பாப்பார். வரும். பச்சைக் கொடி. லைவ். கதை முடிஞ்சுது.

இப்ப அந்தப் பெட்டியில "தமிழ்"னு தட்டுங்க. "தமிழர்" என்ற சொல் இருக்குற பக்கம் வராது. "தமிழில்" வராது. "தமிழால்" வராது.

ஏன்னு சொல்றேன். நம்ம கண்ணுக்கு "தமிழ்" என்பது த, மி, ழ் என மூணு எழுத்து. யூனிகோட்ல அது அஞ்சு குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, அப்புறம் புள்ளி. "தமிழர்"ல அந்த ழ-வுக்கு அப்புறம் புள்ளி கிடையாது. அதனால கம்ப்யூட்டர் கணக்குல "தமிழர்" என்ற சொல்லுக்குள்ள "தமிழ்" இல்லவே இல்ல. தமிழருக்குள்ள தமிழ் இல்லைன்னு சொல்ற ஒரு நிரலை எழுதிட்டு, நாம அதைத் தமிழ்நாட்டு மக்களுக்குக் கொடுத்துட்டு இருக்கோம். மேடையில யாராவது இதைச் சொன்னா சும்மா விடுவோமா? :-)

இது ஒரு சொல்லோட பிரச்சினை இல்ல. "மதுரை"ன்னு தேடினா "மதுரையில்" வந்துடும், அது அதிர்ஷ்டம். "தஞ்சாவூர்"னு தேடினா "தஞ்சாவூரில்" வராது. "மரம்" தேடினா "மரத்தில்" வராது. "வீடு" தேடினா "வீட்டில்" வராது. "ஆறு" தேடினா "ஆற்றில்" வராது. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லோட வால் மாறுறது நம்ம மொழியோட இயல்பு, பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சதுதான். அதை மறந்துட்டு, வாலே மாறாத ஏதோ ஒரு மொழிக்குச் செஞ்ச சட்டையை எடுத்து இதுக்கு மாட்டிவிட்டா கிழியத்தான் செய்யும்.

இதனால யாருக்கு என்ன நஷ்டம்னு கேப்பீங்க. ஊர்ல இருக்குற எங்க அத்தை கதையைச் சொல்றேன். அவங்களுக்கு வயசு அறுபத்தி மூணு. மாமா இறந்து நாலு வருஷம். முதியோர் பணத்துக்கு மனு போடணும். எந்தத் துறைத் தளம்னு பேர் சொல்ல வேணாம், விடுங்க. போன்ல குரல் வழியா "முதியோர் பென்ஷன்"னு சொல்லித் தேடியிருக்காங்க. ஒண்ணும் இல்ல. யாரோ சொல்லிக் கொடுத்து "முதியோர் ஓய்வூதியம்"னு தேடியிருக்காங்க. அதுவும் இல்ல. ஆனா படிவம் அதே தளத்துலதான் இருந்துச்சு. அங்க போட்டிருந்த தலைப்பு "முதியோர் ஓய்வூதியத் திட்டம்". "ஓய்வூதியம்" என்பதில் கடைசியில ம், "ஓய்வூதியத்" என்பதில் த். ஒரே ஒரு மெய்யெழுத்து இடையில நின்னுடுச்சு. பெட்டி சொன்ன பதில் இங்கிலீஷ்ல, "நோ ரெக்கார்ட்ஸ் ஃபவுண்ட்". அத்தை அதைப் படிச்சுட்டு அப்படித் திட்டமே இல்லைன்னு நினைச்சுக்கிட்டாங்க. அப்புறம் டவுன்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல இருநூறு ரூபா குடுத்து அந்தப் படிவத்தை எடுத்திருக்காங்க. இலவசமா கிடைக்க வேண்டிய ஒரு தாள். போன்ல என்கிட்ட, "ஏன்டா தம்பி, நீ கம்ப்யூட்டருக்குத்தான படிச்ச? உங்காளுங்க செஞ்சதுதான இது?"ன்னு கேட்டாங்க.

அவங்க கேட்ட "உங்காளுங்க" யாருன்னு பாத்தா நம்மதான். அதனாலதான் இந்தப் பதிவு.

இலக்கணத்தை விடுங்க, இன்னும் அடிமட்டத்துல ஒரு கூத்து இருக்கு. ஒரே மாதிரி தெரியுற ரெண்டு எழுத்து உள்ள வேற வேறயா இருக்கும்.

"கொ" எழுத ரெண்டு வழி உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடா போடலாம். இல்ல, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியா போடலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். நேரடியா ஒப்பிட்டா வேற வேற. இதைச் சரி பண்ண யூனிகோட்காரங்களே வழி வச்சிருக்காங்க. நார்மலைசேஷன்னு பேரு, என்எஃப்சி என்ற வடிவம். பெரும்பாலான நிரல்மொழிகள்ல ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதாம விட்ட தளங்களை எண்ணினா என் ரெண்டு கை விரலும் பத்தாது.

அடுத்து ஔவையார். ஔ-வைத் தனி எழுத்தா தட்டினா ஒரு குறியீடு. ஆனா நம்மாளுங்க பாதிப் பேர் ஒ-வைத் தட்டி பக்கத்துல ள-வைத் தட்டுறாங்க, "ஒளவையார்"னு. பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். அதே கதைதான் "கௌரி"க்கும் "கெளரி"க்கும். இதை என்எஃப்சி கூட ஒண்ணாக்காது, ஏன்னா யூனிகோட் பார்வையில ரெண்டாவது ஒரு வேற சொல். ஆக ஔவையாரை ஒரு தளத்துல தேடினா பாதி ஔவையார்தான் கிடைப்பாங்க.

ஸ்ரீ இன்னும் சுவாரசியம். 2005-ல யூனிகோட் 4.1-ல ஶ என்ற எழுத்தைச் சேர்த்தாங்க. அதுவரைக்கும் ஸ்ரீயை ஸ-வை வச்சு எழுதினது, அதுக்கப்புறம் ஶ-வை வச்சு எழுதுறதுதான் சரின்னு ஆச்சு. ஆனா கருவிகள் எல்லாம் ஒரே நாள்ல மாறிடுமா? ரெண்டு விதமும் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு, பல எழுத்துருக்கள்ல திரையில ஒரே உருவம். ஸ்ரீரங்கத்துக்குப் போக ரெண்டு வழி, நீங்க எந்த வழியில வந்தீங்கன்னு பெட்டி தீர்மானிக்கும்.

அப்புறம் சொல்லைப் பிரிக்கிற கூத்து. நிறைய பேர் உரையைச் சொல்லாப் பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல "பேக்ஸ்லாஷ் டபிள்யூ" போடுவாங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல அதுக்கு அர்த்தம் இங்கிலீஷ் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். தமிழ் அதுக்கு எழுத்தே கிடையாது. பைத்தான் பரவாயில்லை, தமிழ் உயிரையும் அகர மெய்யையும் எழுத்துன்னு ஒத்துக்கும். ஆனா அதோட கூடவே வர்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்துன்னு ஒத்துக்காது. "பட்டா"வைப் பிரிக்கச் சொன்னா "பட" ஒண்ணு, "ட" ஒண்ணுன்னு ரெண்டு துண்டாக் குடுக்கும். நிலத்துக்குப் பட்டா கேட்டவனுக்குப் பட-ட காட்டுற கதை :-)

மைஎஸ்க்யூஎல்லோட முழு உரைத் தேடல்ல இன்னொண்ணு. ரொம்பச் சின்னச் சொல்லை அது பட்டியல்லயே சேர்க்காது. பழைய மைஐசேம் அட்டவணைக்கு இயல்பா குறைஞ்சபட்சம் 4 குறியீடு, இன்னோடிபி அட்டவணைக்கு 3. இங்கிலீஷுக்கு அது நியாயம், "ஆஃப்", "டு" மாதிரி வெத்துச் சொல்லெல்லாம் கழியும். தமிழ்ல 3 குறியீட்டுச் சொல் எதெதுன்னு பாருங்க: மழை, ஏரி, வரி, மனு. 2 குறியீட்டுச் சொல்: தீ, பூ. வரியும் மனுவும் தேட முடியாத ஒரு அரசாங்கத் தளத்தை நினைச்சுப் பாருங்க. அந்த அமைப்பை ஒருத்தர் மாத்தினா போதும். ஆனா அப்படி ஒரு அமைப்பு இருக்குன்னு யோசிக்கவே தமிழ்ச் சொல்லை ஒரு தடவையாவது தட்டிப் பாத்திருக்கணுமே!

உள்ள இருக்குறது இப்படின்னா, வெளிய பெட்டியோட லட்சணம் அதைவிட மோசம். தேடல் கண்ணுல படணும், எளிமையா இருக்கணும், சுட்டியா இல்லாம பெட்டியாவே பக்கத்துல இருக்கணும்னு ஜேக்கப் நீல்சன் 2001-லயே எழுதிட்டார். கால் நூற்றாண்டு ஆச்சு. நம்ம தளங்கள்ல இன்னமும் பூதக்கண்ணாடிப் படம் ஒண்ணை மட்டும் வச்சுட்டு, அதை அழுத்தினாத்தான் பெட்டி திறக்கும்னு கண்ணாமூச்சி ஆடுறாங்க. சரி, திறந்தாச்சு. அகலம்?

"கிராம நிர்வாக அலுவலர்"னு தட்டுங்க. கண்ணுக்கு 12 எழுத்து, 2 இடைவெளி, மொத்தம் 14. ஹெச்டிஎம்எல் பெட்டியில மேக்ஸ்லென்த் 20-ன்னு போட்டிருந்தா தாராளம்னுதானே நினைப்போம்? ஆனா குறியீட்டுக் கணக்குல அது 21. கடைசிப் புள்ளியைத் தட்ட விடாது. "அலுவலர" வரைக்கும்தான். டேட்டாபேஸ்ல இடத்தை பைட் கணக்குல அளந்து வச்சிருந்தா இன்னும் கேவலம். யுடிஎஃப்-8-ல ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக இந்த மூணு சொல்லுக்கு 59 பைட். 50 பைட்ல வெட்டினா அலுவலரோட தலை போகும்.

சில பேர் அதுக்கும் மேல போய், "ஸ்பெஷல் கேரக்டர்ஸ் அனுமதி இல்லை"ன்னு சிவப்புல திட்டுவாங்க. பாதுகாப்புக்காம். அவங்க எழுதின விதியில இங்கிலீஷ் ஏ-யில இருந்து இசட் வரைக்கும்தான் எழுத்து, மிச்சமெல்லாம் "ஸ்பெஷல்". 1956-ல ஆட்சிமொழிச் சட்டம் போட்ட மாநிலத்துல, ஆட்சிமொழியோட எழுத்து "ஸ்பெஷல் கேரக்டர்". எஸ்க்யூஎல் இஞ்செக்ஷனைத் தடுக்க அளவுரு வச்ச வினவல்னு முறையான வழி இருக்கு, அதைப் பண்ணுங்கய்யா. ஒரு மொழியையே வாசல்ல நிறுத்தினா அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல.

தட்டத் தட்டப் பரிந்துரை காட்டுற பெட்டிகள் தனி ரகம். ஒலிபெயர்ப்பு முறையில "கோ" தட்டும்போது முதல்ல "க்" வரும், அப்புறம் "கொ", அப்புறம் "கோ". நடுவுல வர்ற "க்" இருக்குற நேரத்துல பெட்டி ஓடிப்போய் தேடி "எதுவும் இல்லை"ன்னு சொல்லும். இதுல சில பெட்டிகள் திரையை மறுபடி வரைஞ்சு, பாதியில இருக்குற எழுத்தையே தின்னுடும். உள்ளீடு இன்னும் முடியலைன்னு உலாவியே சொல்லும், அதைக் கேக்குறதுக்கு ஒரு நிபந்தனை வரி போதும்.

சரி, இதையெல்லாம் சொன்னா மீட்டிங்ல என்ன பதில் வரும்? கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு.

"தமிழ்ல யாரும் தேடுறதே இல்ல, லாக் எடுத்துப் பாத்தோம்." கதவைப் பூட்டி வச்சுட்டு, உள்ள யாருமே வரலைன்னு வருகைப் பதிவேட்டைக் காட்டுற மாதிரி இருக்கு. ரெண்டு தடவை தட்டிப் பாத்துக் கிடைக்கலைன்னா மூணாவது தடவை யார் தட்டுவா? லாக்ல பாக்க வேண்டியது எத்தனை பேர் தேடினாங்கன்னு மட்டும் இல்ல. எத்தனை பேருக்கு ஒண்ணும் கிடைக்காம போச்சுன்னு. அந்தப் பட்டியலை எத்தனை பேர் எடுத்துப் பாத்திருக்கீங்க?

"மக்கள் தப்பும் தவறுமா எழுதுறாங்க, நாங்க என்ன பண்ண?" இங்கிலீஷ்ல ஒரு எழுத்து மாத்திப் போட்டா "இதைத்தான் தேடுறீங்களா"ன்னு பவ்யமா கேக்குறோம்ல? சுப்பிரமணியன், சுப்ரமணியன், சுப்பிரமணியம், சுப்ரமணியம்... இதுல எது தப்பு? நாலும் நாலு பேரோட ரேஷன் கார்டுல இருக்கு. "அரசுப் பள்ளி"ன்னு ஒற்று போடுறவரும் இருக்கார், "அரசு பள்ளி"ன்னு போடாதவரும் இருக்கார், "அரசுப்பள்ளி"ன்னு சேர்த்து எழுதுறவரும் இருக்கார். சந்தி இலக்கணம் தெரிஞ்சவனுக்குத்தான் சர்க்கார் படிவம்னு எங்கயாவது விதி இருக்கா?

"கூகுள் இருக்கே, அதுல தளத்தோட பேரைப் போட்டுத் தேடட்டுமே." பொதுப் பக்கங்களுக்குச் சரி. ஆனா மனு நிலவரம், பயனாளி பட்டியல், நூலகத்துல எந்தப் புத்தகம் எந்த அலமாரியில இருக்கு இதெல்லாம் டேட்டாபேஸுக்குள்ள, படிவத்துக்குப் பின்னாடி இருக்கு. கூகுள் அங்க பெரும்பாலும் நுழையாது, நுழையவும் கூடாது. தவிர, நம்ம வீட்டுப் பொருளைத் தேட எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிடுறது ஒரு தீர்வா?

"ஏஐ வந்துடுச்சு, இனிமே எல்லாம் அதுவே புரிஞ்சுக்கும்." இதுதான் இப்ப புது மந்திரம். பொருளை வச்சுத் தேடுற முறை நல்லதுதான், நான் மறுக்கல. "பென்ஷன்"னு கேட்டா "ஓய்வூதியம்" எடுத்துக் குடுக்க அது உதவும். ஆனா அது எப்பவும் பக்கத்துல இருக்குற ஏதோ ஒண்ணைக் குடுத்துக்கிட்டே இருக்கும், "இல்லை"ன்னு சொல்றதுக்குத் தனியா பழக்கணும். சர்வே எண் 114/2 கேட்டவருக்கு 112/4 குடுத்தா அது உதவியா, வில்லங்கமா? துல்லியமா தேட வேண்டிய இடத்துல துல்லியமாத்தான் தேடணும். அதுவுமில்லாம, உள்ள போற எழுத்தே ரெண்டு விதமா இருந்தா, மேல எந்த மூளையை வச்சாலும் அஸ்திவாரம் ஆட்டம்தான்.

"இதெல்லாம் ரொம்பச் செலவு." இல்லவே இல்லீங்க. 2000-களோட தொடக்கத்துல இதைச் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். அப்ப டிஸ்கி ஒரு பக்கம், 1999-ல தமிழக அரசு ஏத்துக்கிட்ட டேம், டேப் ஒரு பக்கம், பாமினி ஒரு பக்கம், பத்திரிகைக்கு ஒரு எழுத்துருன்னு கிடந்துச்சு. அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தாச்சு. 2010-ல தமிழக அரசே யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு. 2019 அக்டோபர்ல ஸ்னோபால் 2.0 வந்தப்ப தமிழ்ச் சொல்லோட வாலை நறுக்கி அடியைக் கண்டுபிடிக்கிற நிரலும் அதுல இருந்துச்சு. அதே வருஷம் வந்த போஸ்ட்கிரெஸ் 12-ல அது சேர்ந்தே வருது. காசு கிடையாது. குறையே இல்லாத நிரல்னு சொல்ல மாட்டேன், ஆனா தமிழருக்குள்ள தமிழ் இல்லைன்னு சொல்றதைவிட எவ்வளவோ மேல். மீடியாவிக்கி உள்ள வர்ற உரையை என்எஃப்சி வடிவத்துக்கு மாத்தித்தான் வச்சுக்குது. தமிழ் விக்கிப்பீடியாவோட தேடுபெட்டியிலயே ஒலிபெயர்ப்பு, தமிழ்99, பாமினின்னு பிடிச்ச முறையில தட்டலாம். அதைச் செஞ்சதும் நம்மளை மாதிரி ஆளுங்கதான், நிறைய பேர் சம்பளமே இல்லாம.

வெறும் புலம்பலா போயிடக்கூடாதுன்னு, ஒரு வாரத்துல முடியுற வேலைகளைப் பட்டியல் போடுறேன். ஆணி புடுங்குற நேரத்துல ஒரு ஓரமா செஞ்சுடலாம்.

1. உரையைச் சேமிக்கும்போதும், தேடல் சொல் வரும்போதும், ரெண்டு பக்கமும் என்எஃப்சி. கண்ணுக்குத் தெரியாத சுழிய அகலக் குறியீடுகளைத் தேடல் சாவியில இருந்து நீக்குங்க. ஒரு பக்கம் மட்டும் பண்ணினா பிரயோஜனம் இல்ல.

2. ஔ பிரச்சினைக்கு ஒரு எச்சரிக்கை. "ெள"-வை எல்லாம் "ௌ" ஆக்குறேன்னு கிளம்பாதீங்க, "வெள்ளம்" நாசமாயிடும். தலைகீழா பண்ணுங்க: தேடலுக்குன்னு வச்சிருக்குற சாவியில மட்டும் ஔ-வை ஒள-வாவும், ௌ-வை ெள-வாவும் மாத்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே உருவத்துக்கு வந்துடும், வெள்ளமும் பிழைக்கும். மக்கள் பாக்குற உரையைத் தொடாதீங்க. ஸ்ரீக்கும் இதே வைத்தியம்.

3. வால் நறுக்க ஸ்னோபால் போட முடியலையா? மூணே விதி. தேடல் சொல் "ம்"ல முடிஞ்சா அந்த ம்-மை எடுங்க. வேற மெய்யில முடிஞ்சா புள்ளியை எடுங்க. உகரத்துல முடிஞ்சா உகரக் குறியை எடுங்க. மிச்சத்தைச் சொல்லோட தொடக்கமா வச்சுத் தேடுங்க. "தமிழ்" தமிழரைப் பிடிக்கும், "ஓய்வூதியம்" ஓய்வூதியத்தைப் பிடிக்கும், "வீடு" வீட்டையும் "ஆறு" ஆற்றையும் "பேருந்து" பேருந்திலயும் பிடிக்கும். "மரம்" தேடினா மரணமும் மரபும் கூட வரும்தான். அச்சா அப்படியே பொருந்துறதை மேல வைங்க, மத்தது கீழ போயிடும். ஒண்ணுமே வராததுக்கு நாலு கூட வர்றது எவ்வளவோ மேல். "கடல்" தேடினா "கடற்கரை" இதுல வராது, அதுக்கு நிஜமான உருபனியல் வேணும். ஆனா முதல் படி ஏறாம மொட்டை மாடியைப் பத்திப் பேசாதீங்க.

4. ஒத்த சொல் பட்டியல் ஒண்ணு வைங்க. பென்ஷன், ஓய்வூதியம், உதவித்தொகை ஒரு வரி. ரேஷன் கார்டு, குடும்ப அட்டை ஒரு வரி. கரண்ட், மின்சாரம். பஸ், பேருந்து. வி.ஏ.ஓ., கிராம நிர்வாக அலுவலர். தஞ்சை, தஞ்சாவூர். கலைச்சொல் அழகா இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனா ஜனங்க வாயில இருக்குற சொல்லுக்கும் அது வழிவிடணும். பட்டியலுக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க, ஒண்ணும் கிடைக்காம போன தேடல்களோட லாக் இருக்கே, அதுதான் பொக்கிஷம். வாரத்துக்கு அரை மணி நேரம் அதைப் படிச்சா போதும்.

5. ஒண்ணும் கிடைக்கலைன்னா தமிழ்ல சொல்லுங்க. தட்டின சொல்லைப் பெட்டியிலயே விட்டு வைங்க, அழிச்சுடாதீங்க. போன்ல அதைத் தட்டுறதுக்குள்ள ஒருத்தர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நெருக்கமான சொல் நாலு காட்டுங்க. "இல்லை"ங்குறதும் "எங்களால கண்டுபிடிக்க முடியலை"ங்குறதும் வேற வேற. ரெண்டாவதைச் சொல்லுங்க, பெரும்பாலும் அதுதான் உண்மை.

6. பெட்டி அகலமா இருக்கட்டும், வரி உயரமா இருக்கட்டும். "கூ"வோட வாலை அறுக்குற பெட்டியில தமிழ் தட்டவே மனசு வராது. பூதக்கண்ணாடி பக்கத்துல "தேடு"ன்னு ஒரு சொல் இருக்கட்டும். என்டர் தட்டினா வேலை செய்யட்டும்.

இதெல்லாம் வெறும் வசதிப் பிரச்சினைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். தேட முடியுறது ஒரு அதிகாரம். வாக்காளர் பட்டியலையே எடுத்துக்குங்க. எழுத்தா இருந்தா ஒரு நொடியில தேடலாம், வெறும் படமா இருந்தா பக்கம் பக்கமா கண்ணால மேயணும். மத்தியப் பிரதேசத்துப் பட்டியலைத் தேடக்கூடிய எழுத்து வடிவத்துல குடுக்கணும்னு கமல்நாத் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2018 அக்டோபர்ல அந்த மனு தள்ளுபடி ஆச்சு. வாக்காளர் தகவலுக்குப் பாதுகாப்பு வேணாமா என்பது எதிர்த்தரப்பு நியாயம், அதை நான் லேசா ஒதுக்கல. நான் சொல்ல வந்தது வேற: ஒரே ஆவணம், ஒரே தகவல், தேட முடியுமா முடியாதா என்ற ஒரே விஷயத்துக்காக ஒரு கட்சித் தலைவர் நாட்டோட உச்ச நீதிமன்றத்துக்குப் போறார்னா, அது சின்ன விஷயமா?

அங்கயாவது தெரிஞ்சு எடுத்த முடிவு, வாதம், பிரதிவாதம், தீர்ப்புன்னு இருந்துச்சு. நம்ம தேடுபெட்டிகள்ல அப்படி யாரும் உக்காந்து முடிவெடுக்கல. ஒரு புள்ளியை யோசிக்காம விட்டதால ஒரு மொழி பேசுறவங்க மொத்தமா வெளிய நிக்கிறாங்க. கெட்ட எண்ணம் இருந்தாக்கூட எதிர்த்துச் சண்டை போடலாம். அசட்டைக்கு எதிரா எங்க போய் மனு போடுறது? அதான், "மனு"ன்னு தட்டினா 3 குறியீடு, பெட்டியே எடுத்துக்காது :-)

வாசிக்கிற உங்கள்ல பாதிப் பேர் என் இனம்தான், பொட்டி தட்டுறவங்க. மிச்சப் பாதிப் பேருக்குச் சொந்தத் தளம் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுப்பாடம். உங்க பொறுப்புல இருக்குற ஒரு தளத்தோட தேடுபெட்டியில மூணு சொல்லைத் தட்டுங்க: தமிழ், ஔவை, மழை. ஒவ்வொண்ணுக்கும் எது வருது, எது வந்திருக்கணும்னு பாருங்க. தளம் உங்களுதுன்னா நீங்களே திருத்துங்க. ஆபீஸோடதுன்னா நாளைக்கு ஒரு டிக்கெட் போடுங்க, தலைப்பு "தமிழருக்குள் தமிழ் இல்லை"ன்னு வைங்க, மேனேஜர் கண்டிப்பா திறந்து பாப்பார்.

என்ன கிடைச்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டணும்னாலும் சொல்லுங்க. ஒரு வேண்டுகோள், "கெளரி", "கௌரி" ரெண்டையும் தேடிப் பாத்துட்டு வந்து திட்டுங்க.